திரும்பி வரும் சாப்பாட்டு டப்பா

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) இருப்பதால் ஐந்து மாதமாக மீத்தைல்பெனிடேட் மாத்திரை கொடுத்து வருகிறோம். பள்ளியில் முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் சாயங்காலம் வந்தால் கத்துகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். வீட்டில் சர்க்கரை, சாக்லேட், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அவன் என்ன சாப்பிட்டான், என்ன செய்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மாலையில் மாமியார் எனக்குத் தெரியாமல் பிஸ்கட் கொடுக்கிறார். அன்றைக்கெல்லாம் ஆட்டம் அதிகம். காலையில் அவசரத்தில் அரை டம்ளர் பால்தான் குடிக்கிறான், மதியச் சாப்பாட்டு டப்பாவும் அநேகமாக அப்படியே திரும்பி வருகிறது, அது வேறு கவலை. மாமியாரை எப்படித் தடுப்பது?

- ஒரு வாசகி

பதில்: தடுக்காதீர்கள்.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் சர்க்கரைதான் குற்றவாளி. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த டப்பா. ‘அது வேறு கவலை’ என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். வேறு கவலை இல்லை, சகோதரி, அதுதான் கவலை. எட்டு வயதுப் பிள்ளை அரை டம்ளர் பாலை வைத்துக்கொண்டு ஒரு பகலை ஓட்டுகிறான். நீங்களோ நானோ அப்படி இருந்துவிட்டு, சாயங்காலம் இனிமையாகப் பேசுவோமா?

அந்த மாத்திரை பசியை மந்தப்படுத்தும். அதன் பக்கவிளைவுகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். மதியம் மருந்து வேலை செய்யும் நேரம், அதனால் சோறு உள்ளே போகாது. மாலையில் அதன் பிடி தளரும்போது பகல் முழுவதும் அடங்கிக் கிடந்த பசி ஒன்றாகக் கிளம்பும். சில பிள்ளைகளுக்கு மருந்து இறங்கும் அந்த நேரத்திலேயே எரிச்சலும் வரும். இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் வாசலில் நுழையும்போது, எதிரே ஒரு கிழவி இரண்டு பிஸ்கட்டோடு நிற்கிறார். நோட்டில் அவர் பெயரை எழுதுகிறீர்கள்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் ஹூவர், மிலிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ‘சர்க்கரை சாப்பிட்டால் என் மகன் ஆடுவான்’ என்று நம்பிய தாய்மார்களையும், அவர்களுடைய 5 முதல் 7 வயது மகன்களையும் அழைத்தார்கள். ஒரு பிள்ளைக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. ஆனால் பாதித் தாய்மார்களிடம் கொடுத்ததாகச் சொன்னார்கள். அவர்கள்தான் ‘இன்று ஆட்டம் அதிகம்’ என்று மதிப்பிட்டார்கள், பிள்ளையை விட்டு நகராமல் நின்று குறையும் சொன்னார்கள். பிஸ்கட் கொடுக்காத நாட்களில் அவன் எறிந்த பொருள்களையும் நீங்கள் எழுதினீர்களா?

சர்க்கரையைக் குறைப்பது பல்லுக்கு நல்லது, குறையுங்கள். செயற்கை நிறங்களைப் பற்றிய சந்தேகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2007-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில், நிறங்களும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த சில பிள்ளைகளிடம் துறுதுறுப்பு சற்றே கூடியது. அதன் பிறகு, 2010 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அந்தப் பானங்களை நிறுத்துவதானால் வீட்டில் எல்லோருக்கும் நிறுத்துங்கள். அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால், தன்னிடம் ஏதோ கெட்டது இருக்கிறது என்றுதான் அவன் புரிந்துகொள்வான்.

மாத்திரைக்கு முன்பு வயிறு நிறைய வேண்டும். முட்டை, பருப்பு, கொட்டை வகை என்று புரதம் உள்ளதாகக் கொடுங்கள். மதியம் கொஞ்சம் போதும், கட்டாயப்படுத்தாதீர்கள். பள்ளியிலிருந்து வந்ததும் நொறுக்குத்தீனி வேண்டாம், முழுச் சாப்பாடு. படுக்கும் முன் இன்னும் கொஞ்சம். டப்பா விஷயத்தை மருத்துவரிடம் சொன்னீர்களா? சொன்னதாக எழுதவில்லை. மருந்தின் அளவு, நேரம், வகை எல்லாமே மாற்றக்கூடியவை. அவற்றை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. எடையையும் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைக் கெடுக்கும், உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கேட்காமல் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் ஆபத்து.

இனி உங்கள் வீட்டார். பேரனின் பசித்த முகத்தைப் பார்த்து ஒரு பாட்டி ஒளித்து ஊட்ட வேண்டியிருப்பது அந்த வீட்டுக்கு அழகல்ல. மாலைச் சாப்பாட்டை அவர் கையில் ஒப்படையுங்கள், பிஸ்கட் தானே மறந்துபோகும். மாமியார் கடிதத்தில் வருகிறார், அவர் பெற்ற மகன் எங்கே? ‘கொடுத்து வருகிறோம்’ என்ற பன்மையில் மட்டும்தான் உங்கள் கணவர் இருக்கிறார். பிள்ளை பெறுவது பன்மை, நோட்டு எழுதுவது ஒருமையா? அரை மணி நேரம் முன்னதாக எழுந்து காலைச் சாப்பாட்டை அவர் ஊட்டட்டும். அது உதவி அல்ல, அப்பனுடைய வேலை.

நோட்டை எறிய வேண்டாம். அடுத்த பக்கத்திலிருந்து டப்பாவில் எவ்வளவு மிச்சம், வாரம் எவ்வளவு எடை என்று எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளை மாலை அவனிடமிருந்து டப்பாவை வாங்கித் திறக்கும்போது மட்டும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான்.