வாட்டம், வண்டல், உடைப்பு: பழங்கால நீர்ப்பணிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பம்பு இல்லாத காலத்தில் ரோமானியர்கள் தண்ணீரை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோனார்கள்? வளைவுப் பாலங்கள்தான் காரணமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பாலம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். காரியம் நடப்பது வாட்டத்தில், அதாவது சரிவில். தெற்கு பிரான்சின் நீம் நகருக்கு ரோமானியர்கள் வெட்டிய கால்வாயின் நீளம் சுமார் 50 கி.மீ. ஊற்றுக்கும் நகரத் தொட்டிக்கும் உயர வித்தியாசம் 12.5 மீட்டர் அளவுதான். அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 செ.மீ. இறக்கம். குறுக்கே ஆற்றுப் பள்ளம் வந்துவிட்டதால்தான் 49 மீட்டர் உயர பான்ட் டு கார்ட் பாலம் எழுந்தது. கால்வாயின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் ஓடியது.

மட்டம் பார்க்க 'கொரோபேட்டஸ்' என்ற கருவி இருந்தது. 20 ரோமன் அடி, அதாவது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம். முனைகளில் கால்கள், கால்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் செங்குத்துக் கோடுகள், மேலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு நூல்கள். நூலெல்லாம் கோட்டோடு பொருந்தினால் சட்டம் மட்டமாக இருக்கிறது. காற்றில் நூல் ஆடினால் அதற்கும் வழி உண்டு. சட்டத்தின் மேல்புறம் 5 அடி நீளம், ஒரு விரற்கடை அகலம், ஒன்றரை விரற்கடை ஆழத்தில் ஒரு காடி வெட்டியிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, இரு முனையிலும் விளிம்பைச் சமமாகத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த அளவுகளை ரோமானியக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்ததால்தான் இன்று ஒரு தச்சரால் இதை மறுபடி செய்துபார்க்க முடிகிறது.

வாட்டம் கூடினால் நீரின் வேகம் காறையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கும். உட்புறக் காறை, சுண்ணாம்போடு உடைத்த ஓட்டுத்தூள் சேர்த்தது. நம் கொத்தனார்களின் சுர்க்கியும் இதே வகைதான். நீம் கால்வாய்க்கு வந்த கேடு வேறு. ஊற்றுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். 1.2 மீட்டர் அகலக் கால்வாயின் சுவர்களில் சில இடங்களில் 40 செ.மீ.க்கும் மேல் கல்லாகப் படிந்து, பாதையையே நெருக்கிவிட்டது. செதுக்கி எடுக்க ஆள் இருந்தவரை கால்வாய் நன்றாக ஓடியது.

கேள்வி: ரோமில் தண்ணீர்த் திருட்டு உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: தாராளமாக. கி.பி. 97இல் ரோமின் நீர்த்துறைப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸ் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அனுமதி பெற்ற வீட்டுக்குத் தொட்டியில் ஒரு வெண்கலக் குழல் பொருத்தி, அளவு முத்திரை குத்துவார்கள். குழல் குறைந்தது 12 விரற்கடை, அதாவது சுமார் 22 செ.மீ. நீளம் இருக்கவேண்டும். ஈயம் என்றால் தட்டி அகலப்படுத்திவிடலாம், வெண்கலம் எளிதில் வளையாது. ஆனாலும் முத்திரையில்லாத குழல்கள் நிறைய அகப்பட்டன. சிலர் குழலை மற்றவற்றைவிடத் தாழ்வாகப் பதித்து அதிக நீர் எடுத்தார்கள். இன்னும் சிலர் சரியான குழலுக்குப் பின்னாலேயே அகலமான குழாயை மாட்டினார்கள். அகலக் குழாயில் நீரின் வேகம் தணிந்து அழுத்தம் கூடும். அதனால் குழலுக்குள் இழுவை உண்டாகி, அதே வாய் வழியே கூடுதல் நீர் வரும். இதைத் தடுக்கத்தான் முதல் 50 அடிக்குக் குழாயும் குழலின் அளவிலேயே இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள்.

கேள்வி: ஈயக் குழாய்தான் ரோமை அழித்ததாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. குழாயில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே சுண்ணாம்புப் படிவும் மூடியது. ரோமின் துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014இல் வெளியான கணக்கில், குழாய் நீரில் உள்ளூர் ஊற்றைவிட 100 மடங்கு வரை ஈயம் இருந்திருக்கிறது. நல்லதல்ல, ஆனால் பேரரசைச் சாய்க்கும் அளவும் அல்ல. ஈயப் பாத்திரத்தில் திராட்சைச் சாறு காய்ச்சிய பழக்கம்தான் இதைவிட மோசம்.

கேள்வி: சீனாவின் டூஜியாங்யான் பாசன அமைப்பு இன்றும் வேலை செய்வது எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநர் லீ பிங் தொடங்கிய பணி அது. மின் ஆற்றுக்கு அவர் குறுக்குச் சுவர் எழுப்பவில்லை. கூழாங்கல் நிரப்பிய நீண்ட மூங்கில் கூடைகளை அடுக்கி, மீன்வாய் வடிவில் ஒரு முனை அமைத்து ஆற்றை இரண்டாகப் பிரித்தார். உட்கிளை குறுகல், ஆழம்; வெளிக்கிளை அகலம், ஆழம் குறைவு. அதனால் ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் ஏறக்குறைய 60 சதவீத நீர் பாசனத்துக்கு உள்ளே போகும், வெள்ளத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகும். உட்கிளை மலையை உடைத்து வெட்டிய சுமார் 20 மீட்டர் அகல வாயில் முடிகிறது. வெடிமருந்து கிடையாது. பாறையைத் தீயிட்டுச் சூடேற்றி, நீர் ஊற்றிப் பிளந்தார்கள்.

நுட்பமான இடம் நடுவில் உள்ள தாழ்ந்த கலிங்கு, அதாவது உபரிநீர் வழியும் கட்டு. உயரம் சுமார் 2 மீட்டர். குறுகல் வாய் ஏற்காத வெள்ளம் சுழன்று, மணலையும் கல்லையும் வாரிக்கொண்டு இதன்மேல் வழிந்து வெளிக்கிளைக்குப் போய்விடும். 'ஆழமாகத் தூர் வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு' என்பது அங்குள்ள விதி. கலிங்கை உயர்த்தினால் மணல் உள்ளேயே தங்கும், வெள்ளமும் செங்டூ சமவெளிக்குள் பாயும். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மரமுக்காலிகளை வரிசையாக நிறுத்தி உட்கிளையை அடைத்து, தூர் வாருவார்கள். எவ்வளவு ஆழம் என்பதற்குப் பிற்காலத்தவர் ஆற்றடியில் இரும்புப் பாளங்களைப் புதைத்தார்கள். மண்வெட்டி இரும்பில் பட்டால் ஆழம் போதும்.

கேள்வி: குஜராத்தின் சுதர்சன ஏரி ஏன் அடிக்கடி உடைந்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கிர்நார் மலையடியில் சந்திரகுப்த மௌரியரின் ஆளுநர் புஷ்யகுப்தர் கட்டிய ஏரி அது. அசோகர் காலத்தில் துஷாஸ்பர் அதில் வாய்க்கால்கள் சேர்த்தார். கி.பி. 150இல் பெருமழை பெய்து, மலையாறுகள் சேர்ந்து அணையைத் தகர்த்தன. உடைப்பு 420 முழ நீளம், 420 முழ அகலம், 75 முழ ஆழம் என்கிறது அப்போது அங்கே ஆண்ட சக அரசன் ருத்ரதாமனின் கல்வெட்டு. தன் ஆட்சியில் நேர்ந்த சேதத்தை ஓர் அரசன் இப்படி அளந்து பொறித்து வைத்தது போற்றத்தக்கது. மண்ணணைமேல் நீர் வழியத் தொடங்கினால் பின்புறச் சரிவு அரித்து, வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும். மலையடி ஏரிகளில் நீர்வரத்து திடீரென்று ஏறுவதால் கலிங்கு தாங்குவதும் கடினம். உடைப்பின் அளவைக் கண்டு அமைச்சர்கள் பின்வாங்கினார்கள். அரசர் புதுவரியோ கட்டாய உழைப்போ சுமத்தாமல், தம் கருவூலப் பணத்தில், சுவிசாகர் என்ற அதிகாரியைக் கொண்டு முன்பைவிட மும்மடங்கு வலுவாகக் கட்டுவித்தார். குப்தப் பேரரசர் ஸ்கந்தகுப்தர் காலத்தில், கி.பி. 455இல் அதுவும் உடைந்தது. மறு ஆண்டே சக்ரபாலிதர் செப்பனிட்டார். இன்று ஏரி இல்லை. அசோகர், ருத்ரதாமன், ஸ்கந்தகுப்தர் மூவரின் கல்வெட்டுகளும் ஒரே பாறையில் ஜூனாகத்திலிருந்து கிர்நார் போகும் வழியில் இருக்கின்றன.