பழங்குடியினருக்கு அரசு எத்தனையோ சலுகை கொடுத்தும் ஏன் இன்னும் முன்னேறவில்லை?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை. நான் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர். எங்கள் கதையை மட்டும் சொல்கிறேன். நீலகிரித் தோடருக்கும் ஏற்காட்டு 'மலையாளி' என்கிற பழங்குடிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

எந்தச் சலுகைக்கும் முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் அளவிலேயே முடிந்துவிடும். எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர் கையெழுத்து. போலிகள் நுழையக் கூடாதென்று வைத்த ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. போலி ஒருத்தர் நுழைந்தால் இடம் போவது எங்களுக்குத்தான். ஆனால் செங்கல் சூளையிலும் சவுக்குத் தோப்பிலும் காலம் தள்ளிய என் அப்பாவிடம் என்ன ஆவணம் இருக்கும்? அதனால் நேரில் விசாரணை.

பன்னிரண்டாவது முடித்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போனதுதான் வினை. அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்தா இருளர் மாதிரி தெரியலையே?"

பிறகு அப்பாவிடம், "பாம்பு பிடிப்பியா?"

"பிடிப்பேங்கய்யா."

"பையன்?"

"அவன் படிக்கிறாங்கய்யா."

"அப்ப தெரியாது."

எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று என்னைக் கேட்டார். வரப்போரம் புதுமண் தள்ளியிருக்கும், பக்கத்திலேயே இன்னொரு வாய் இருக்கும், அதை அடைத்துவிட்டு இந்தப் பக்கம் புகை போடணும் என்றேன். எழுதிக்கொண்டார். சான்றிதழ் கைக்கு வந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. அந்த வருஷம் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பாம்பு பிடித்தால் வழக்கு. பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது எங்கள் ஆட்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுவார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. உரிமமில்லாமல் செய்தால் குற்றம், செய்யத் தெரியாவிட்டால் நீ இருளனே இல்லை. நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது?

அதே 2023-இல் உச்ச நீதிமன்றம், என்னிடம் எலி வளை கேட்ட மாதிரியான பழக்கவழக்கச் சோதனையை மட்டுமே வைத்து ஒருவர் பழங்குடியா இல்லையா என்று முடிவுகட்டக் கூடாது என்றது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, கோட்டாட்சியர் அலுவலகம் வரை அது வந்து சேரணுமே. காட்டில் வாழ்கிறவர்களுக்கு நிலத்தில் உரிமை தரும் வன உரிமைச் சட்டமும் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது 2008-இலிருந்து 2016 வரை முடங்கிக் கிடந்தது.

"எல்லா அதிகாரியும் அப்படியா?" என்று கருத்தில் கேட்பீர்கள். இல்லை. வீடு தேடி வந்து கையெழுத்துப் போட்டவரையும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஜனம் தானாக எழுந்து நிற்கிற இடமும் ஒன்று உண்டு: மாசிமகம். எங்கெங்கோ கூலிக்குப் போனவர்களெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டு இறங்கிவிடுவோம். விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணங்களும் அங்கேயே நடக்கும். இப்போது அங்கேயும் யூடியூப்காரர் தொல்லை தாங்கவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே கேமரா. போன முறை ஒருத்தர் என்னிடமே, "அண்ணே, எலிக்கறி திங்கிற மாதிரி ஒரு ஷாட் கொடுங்க" என்கிறார். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏமாந்துபோய்விட்டார் பாவம்.

வசதி வந்தவர்களுக்கு இட ஒதுக்கீடு எதற்கு என்று கிரீமி லேயர் பேச வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் தங்கைக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். என் சான்றிதழையே ஆதாரமாக வைத்தும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு எலியைக் கண்டாலே பயம்.