உள்நுழைவுக் கடவுச்சொல் மட்டும் போதாது

வணக்கம். விண்டோஸில் கடவுச்சொல் வைத்திருக்கிறேன், மடிக்கணினி திருடுபோனாலும் கோப்புகள் பத்திரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது வாசற்கதவை மட்டுமே பூட்டுகிறது. பல மடிக்கணினிகளில் நான்கைந்து திருகாணிகளைக் கழற்றி, கோப்புகள் இருக்கும் வட்டை உருவி வேறு கணினியில் மாட்டிவிடலாம். என் பழைய மடிக்கணினியின் வட்டை நானே அப்படி மாட்டிப் பார்த்தேன். வரிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்துகொண்டன. பதறிப்போனேன்.

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யுங்கள், அதாவது சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவிடுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பென்றால் அதற்கு பிட்லாக்கர் என்ற வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பென்றால் அமைப்புகளில் சாதனக் குறியாக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ்.

பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். மடிக்கணினிப் பையில் வேண்டவே வேண்டாம். அந்தச் சாவி தொலைந்தால் ஒருநாள் உங்களுக்கே கதவு திறக்காமல் போகலாம்.

வெளியே கிளம்பும்போது மூடியைச் சாத்தினால் மட்டும் போதாது, முழுவதும் அணைத்துவிடுங்கள். மூடியதும் கணினி போகும் உறக்க நிலையில், வட்டைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே தங்கியிருக்கும். வெளி வட்டில் ஒரு நகலும் எடுத்து, அதையும் குறியாக்கம் செய்துவிடுங்கள். இன்றிரவே தொடங்குங்கள், எங்காவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள்.