மக்பெத் எந்த இடத்தில் விழுந்தான்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஆங்கில இலக்கியம் படிப்பித்தவள் நான். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகம் பற்றிக் கேள்விகள் இருந்தால் அனுப்பச் சொல்லிப் போன கிழமை கேட்டிருந்தேன். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்கொட்லாந்தின் வீரத் தளபதி மக்பெத், “நீ அரசனாவாய்” என்று மூன்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்டபின், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்தில் குத்திக் கொன்று முடி சூடுகிறான். சூடிய முடியைக் காப்பாற்ற மேலும் மேலும் கொல்கிறான்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: ரீச்சர், அவன் கெட்டது சூனியக்காரிகளாலா, பெண்சாதியாலா? கட்டுரையில் எந்தப் பக்கம் நிற்கிறது?

இரண்டு பக்கமும் நிற்காதே, பிள்ளை. சூனியக்காரிகள் “கொல்லு” என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சக தளபதி பாங்கோவுக்கும் அவர்கள் நல்வாக்குச் சொன்னார்கள். அவன் கத்தி எடுக்கவில்லையே. பெண்சாதி வாய் திறக்க முதலே, முதல் அங்கம் மூன்றாம் காட்சியில், கொலை நினைப்பு வந்து மக்பெத்தின் மயிர் கூச்செறிகிறது. அந்த வரியைக் கட்டாயம் எழுது. நெருப்பு அவனுடையது, ஊதியது அவள். “இந்த அலுவலை இதோடு விடுவோம்” என்று வந்தவனை, “நீ ஆம்பிளையா?” என்று குத்திக் காட்டி, அதே காட்சிக்குள்ளேயே திருப்பி விடுகிறாள்.

பம்பலப்பிட்டி, ஒரு அம்மா: மகனோடு சேர்ந்து நானும் வாசிக்கிறேன். நல்லவனாக இருந்தவன் இப்படி மாறுவதை நம்பவே முடியவில்லை. எங்கே மாறினான்?

நினைப்புக்கும் கைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். நான் பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தைக் காட்டிக்கொடுத்தது இந்த வழியால்தான்.

டங்கனைக் கொல்ல முன் எவ்வளவு தவிக்கிறான்! நான் அவருக்குச் சொந்தக்காரன், குடிமகன், அதற்கு மேல் விருந்து வைப்பவன். கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியைத் தூக்குவதா என்று தன்னோடு தானே வழக்காடுகிறான். காற்றில் கத்தி தெரிகிறது. கொன்றபின் “ஆமென்” சொல்ல நாக்கு வரவில்லை. கையில் பட்ட இரத்தத்தைக் கடல் முழுதும் சேர்ந்தாலும் கழுவாது என்கிறான். மனச்சாட்சி உயிரோடு துடிக்கிறது.

அடுத்தது பாங்கோ, அவனுடைய கூட்டாளி. இந்த முறை ஆள் வைத்துச் செய்கிறான். பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை, நடந்தபிறகு தெரிந்தால் போதும் என்று செல்லம் கொஞ்சி மறைக்கிறான். விருந்தில் ஆவியைக் கண்டு நடுங்கியவன், அன்றிரவே சொல்வது என்ன? நாங்கள் இந்தத் தொழிலில் இன்னும் பச்சைப் பிள்ளைகள், பழகப் பழகச் சரிவரும் என்கிறான். அந்த வரியில்தான் எனக்கு வயிறு கலங்கும்.

மூன்றாவது, மக்பெத்தோடு சேர மறுத்த பிரபு மக்டஃபின் வீடு. மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான். அவன் மனைவியையும் குஞ்சு குருமான்களையும் கொல்வதால் மக்பெத்துக்கு ஒரு சதம் இலாபமும் இல்லை. ஆனால் இனிமேல் மனதில் முதலில் தோன்றுவதைக் கை முதலில் செய்யும் என்று தீர்மானித்துவிட்டான். யோசிக்கிற இடைவெளியே இல்லை. நீங்கள் கேட்ட மாற்றம் இதுதான், அம்மா. நல்லது கெட்டது அவனுக்குக் கடைசிவரை தெரியும். அதைக் கேட்க நிற்கிற நேரத்தைத்தான் அவன் இழந்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கம்பனின் இராவணனோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், வித்தியாசத்துக்காக. இராவணனுக்குப் புத்தி சொல்ல வீடணன், கும்பகருணன், கடைசியில் மகன் இந்திரசித்தும் இருந்தார்கள். கேட்கவில்லை. மக்பெத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவனே தனக்கு வீடணனாக நின்று எல்லா நியாயமும் சொன்னான், பிறகு அந்த வீடணனைத் துரத்தினான். இன்னொன்று: பிழை என்று தெரிந்தும் இராவணனுக்காகச் சாக ஒரு தம்பி இருந்தான். மக்பெத்தோ மரியாதை, அன்பு, சினேகிதர் கூட்டம் ஒன்றும் தனக்கு இனி இல்லை என்று தன் வாயாலேயே சொல்கிறான்.

தெஹிவளை: மக்பெத் என்று உண்மையிலே ஒரு அரசன் இருந்தானா?

இருந்தான். 1040 முதல் 1057 வரை ஸ்கொட்லாந்தை ஆண்டான். உண்மையான டங்கன் இளவயதுக்காரன், செத்தது சண்டையில். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகம் எழுதப்பட்ட 1606 அளவில் இங்கிலாந்து அரியணையில் இருந்த ஜேம்ஸ் மன்னர் பாங்கோ வம்சம் என்று நம்பப்பட்டவர். பிறகு பாங்கோ எப்படிக் கெட்டவனாக வரமுடியும்?

மருதானை, பாடசாலை நாடகக்குழு மாணவன்: ரீச்சர், “அரசி இறந்துவிட்டா” என்று சேதி வருகிற இடத்தில், மக்பெத்தாக நடிக்கிற நான் அழவேணுமா? சேர் கத்தச் சொல்கிறார்.

சேரை மறுத்துச் சொல்வதாக நினைக்காதே, தம்பி. ஆனால் முன்னுக்குள்ள வரிகளைப் பார். பெண்களின் ஓலம் கேட்கிறது. முந்தியென்றால் இரவில் ஒரு அலறல் கேட்டாலே உடம்பு சில்லிட்டிருக்கும், இப்போது பயத்தின் ருசியே மறந்துபோச்சு என்கிறான். அப்படிப்பட்டவன் எப்படிக் கத்துவான்? முதல் அங்கத்தில் அவளுக்கு எழுதிய கடிதத்தில் “என் மேன்மையின் பங்காளி” என்று கூப்பிட்டவன் இவன். இப்போது, வேறொரு நாளில் செத்திருக்கலாம் என்கிறான். பிறகு நாளை, நாளை, நாளை என்று தொடங்குகிறது. ஒவ்வொரு “நாளை”யையும் பாரம் தூக்குகிறவன் மாதிரி மெதுவாகச் சொல்லு. கண்ணீர் வந்தால் வரட்டும், நீ வரவழைக்காதே. வசனம் முடிந்த கையோடு தூதன் ஓடிவந்து, நகர்ந்து வந்தாலொழியத் தனக்குத் தோல்வி இல்லை என்று மக்பெத் நம்பியிருந்த பேர்ணம் காடு நகர்ந்து வருகிறது என்பான். தூதனாக நடிக்கிற பெடியனிடம் சொல்லிவை, மூன்று நொடி பிந்தி வரச்சொல்லி.