மேடை இசை நாடகத்துக்கு நடனம் அமைப்பவர் எங்கிருந்து தொடங்குகிறார்? பாட்டைக் கேட்டு அசைவுகளைக் கோத்தால் போதாதா?

போதாது. அப்படிச் செய்தால் கண்ணுக்கு அழகான ஓர் ஆட்டம் கிடைக்கும். அது முடியும்வரை கதை நகராமல் நிற்கும். கல்லூரி நாடகக் குழுக்களுக்கு நடனம் அமைத்துத் தருபவன் நான். முதலில் எடுத்துப் படிப்பது நாடகப் பிரதியைத்தான். ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கும் இடம் எது என்று தேடுவேன். நடனத்துக்கு உரிய இடம் அது.

நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வேயில் இதை அழுத்தமாக நிலைநாட்டியவர் நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில். 1943இல் வந்த 'ஓக்லஹோமா!' இசை நாடகத்தில் லாரி என்ற பெண் கர்லி, ஜட் என்ற இரண்டு ஆண்களுக்கு நடுவே தடுமாறுகிறாள். முதல் அங்கத்தின் முடிவில் அவளுடைய கனவு பாலே நடனமாக விரிகிறது. விழித்திருக்கும்போது அவள் மூடி மறைக்கும் அச்சமெல்லாம் அங்கே வெளியே வருகிறது. நன்றாகப் பாடுகிறவர்களுக்கு பாலேயும் வர வேண்டுமே! அதனால் கனவுக்குள் லாரியாகவும் கர்லியாகவும் வேறு நடனக் கலைஞர்கள் ஆடினார்கள்.

இன்னொரு நடன அமைப்பாளரான ஜெரோம் ராபின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1957இல், இரண்டு தெருக் கும்பல்களின் பகையைச் சொல்லும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்காக வழக்கமான நான்கு வாரங்களுக்குப் பதில் எட்டு வாரம் ஒத்திகை கேட்டு வாங்கினார். பகைக் கும்பல்களாக நடித்தவர்களை ஒத்திகைக் காலத்தில் ஒன்றாகப் பழக விடவில்லை. தொடக்கக் காட்சிக்கு முதலில் பாடல் வரிகள் எழுதப்பட்டிருந்தன; நடனமே போதும் என்று அவற்றை நீக்கினார்கள். விரல் சொடுக்கும் வெறும் நடையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டமாக மாறும்போது, அந்தத் தெரு யாருக்குச் சொந்தம் என்ற சண்டை முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இன்னொன்று: நீண்ட நடனங்களுக்கான இசை பெரும்பாலும் ஒத்திகை அறையில்தான் வளர்கிறது. இசையமைப்பாளரின் மெட்டை எடுத்து, நடனத்துக்கு ஏற்ப நீட்டவும் மடக்கவும் தனியாக ஒருவர் இருப்பார். 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகத்தில் ட்ரூட் ரிட்மன் செய்த வேலை அதுதான். ஆட்டத்தை நறுக்கி இசைக்குள் அடைக்காதீர்கள். பியானோ வாசிப்பவரை முதல் நாளிலேயே அறைக்குள் அழைத்துவிடுங்கள்.

மூச்சையும் கவனியுங்கள். நீண்ட சுரம் பாட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் துள்ளலும் சுழற்சியும் வைத்தால் குரல் நடுங்கும். அங்கே பாடுகிறவர்களை நடக்க விடுங்கள். கடினமான அடவுகளைப் பாட்டு ஓய்ந்து வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதிக்கு மாற்றுங்கள்.