ஹேக்லரா, லெனார்டா? 1987 சண்டை பற்றிக் கேள்வி பதில்

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். மிடில்வெயிட் எடைப்பிரிவின் குத்துச்சண்டை சாம்பியன் மார்வின் ஹேக்லரை சுகர் ரே லெனார்ட் மூன்று ஜட்ஜ்களின் 2-1 என்ற பிளவுபட்ட தீர்ப்பில் ஜெயித்தார். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யார் ஜெயித்தது?

லெனார்ட். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9 என்று போட்டால் என் கணக்கு 115-113, அதாவது 12 ரவுண்டில் ஏழு அவருக்கு, ஐந்து ஹேக்லருக்கு. ஒரே ஒரு ரவுண்டு மாறினால் சமன், அதனால் சமன் என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். எனக்கு உயிர் ஹேக்லர்தான், இதை எழுதவே மனசு வலிக்கிறது.

கேள்வி: ஹேக்லர் எங்கே கோட்டை விட்டார்?

முதல் இரண்டு ரவுண்டில். இடது கையைப் பின்னால் வைத்து வலது காலை முன்னே போட்டு நிற்பதுதான் அவருடைய பலம். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, எல்லோரையும்போல இடது காலை முன்னே வைத்து ஆரம்பித்தார். லெனார்ட் 1984-க்குப் பிறகு ஒரு சண்டைகூடப் போடாமல் வந்தவர், அவரை முதல் மணியிலிருந்தே நெருக்கியிருக்க வேண்டாமா? மூன்று ஜட்ஜ்களுமே அந்த இரண்டு ரவுண்டையும் லெனார்டுக்குத்தான் கொடுத்தார்கள். மூன்றாவதில் தன் வழக்கமான நிலைக்கு வந்தார், ஆனால் போனது போனதுதான்.

கேள்வி: ஒரு ஜட்ஜின் புள்ளி அட்டை லெனார்டுக்கு 118-110 என்று வந்ததே, அது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். மற்ற இரண்டு ஜட்ஜ்களில் லூ ஃபிலிப்போ 115-113 ஹேக்லருக்கு, டேவ் மொரெட்டி அதே 115-113 லெனார்டுக்கு, இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். 118-110 போட்ட ஜோ ஜோ குவேரா ஹேக்லருக்குக் கொடுத்தது இரண்டே ரவுண்டு, ஐந்தாவதில் கீழிருந்து மேலே விட்ட அந்த அப்பர்கட் குத்தில் லெனார்ட் ஆடிப்போனதைப் பார்த்தவர்கள் இதை எப்படி ஏற்பது? ஆனால் அட்டையில் வித்தியாசம் எட்டாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் அது ஒரு ஓட்டுதான்.

கேள்வி: ரவுண்டின் கடைசி 30 நொடி மட்டும் படபடவென்று அடித்து லெனார்ட் ஜட்ஜ் கண்ணில் மண்ணைத் தூவினார் என்கிறேன், சரியா?

பாதி சரி. அந்தக் குத்துகளில் நிறைய கிளவ்ஸிலும் கையிலும்தான் பட்டன. ஆனால் மீதி இரண்டரை நிமிடம் ஹேக்லர் என்ன செய்தார் என்றும் பாருங்கள், முன்னே முன்னே போகிறார், காற்றில் வீசுகிறார். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி ஹேக்லர் 792 குத்து விட்டு 291 பட்டது, லெனார்ட் 629 விட்டு 306. துரத்துவதற்கு மட்டும் புள்ளி கிடையாது, துரத்திப்போய் அடிக்க வேண்டும்.

கேள்வி: சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும் என்பார்களே?

அப்படி விதியே இல்லை சார். ஒவ்வொரு ரவுண்டும் தனிக்கணக்கு, ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. 1979-இல் அப்போதைய சாம்பியன் ஆன்டுவோஃபெர்மோவோடு சமன் என்று சொல்லி ஹேக்லருக்கு வரவேண்டிய பட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், அவருக்கு ஜட்ஜ்கள்மேல் நம்பிக்கை போனதே அங்கிருந்துதான்.

கேள்வி: 15 ரவுண்டாக இருந்திருந்தால்?

ஹேக்லர் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன், கடைசியில் லெனார்டின் கால்கள் ஓய்ந்துவிட்டன. ஆனால் 12 ரவுண்டு, பெரிய ரிங் எல்லாம் லெனார்ட் தரப்பு கேட்டு, ஹேக்லர் தரப்பு சம்மதித்தது. அப்புறம் அதைச் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: மறுபடி பார்க்கப்போகிறேன், எதைக் கவனிக்க?

வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் நிறுத்தி எண்ணை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒன்பதாவதை இரண்டு தடவை பாருங்கள். ஹேக்லர் மூலையில் மடக்குகிறார், கதை முடிந்தது என்று நினைக்கும்போது லெனார்ட் அங்கிருந்தே திருப்பி அடிக்கிறார். நான் அதை ஹேக்லருக்குக் கொடுத்தேன். நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.