தட்டான் தாழப் பறந்தால்: வாசகர் கேள்வி - பதில்

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையையும் மாதங்களையொட்டிய வழக்கங்களையும் பற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை என்றெல்லாம் என் மாமியார் சொல்வார். பத்து வயதாகும் என் மகன் கைப்பேசியில் வானிலை பார்த்துவிட்டு, பாட்டி சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறான். இவற்றில் உண்மை இருக்கிறதா? அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?
(வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: அவசியம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எந்தச் சொலவடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

காற்றில் ஈரம் மிகும்போது சிறு பூச்சிகள் தாழ இறங்குகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்னும் தட்டானும் அவற்றின் பின்னாலேயே இறங்கிவிடுகிறது. எறும்பு வாயில் கவ்விச் செல்லும் வெள்ளை மணிகளில் பல முட்டைகளே அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான்; ஆயினும் வளைக்குள் ஈரம் ஏறும்போது அவற்றை மேடான இடத்துக்கு மாற்றுவது உண்மை. அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி என்பதைச் சற்றுத் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும். மண் நனைந்து காற்றும் ஈரமாக இருக்கும் மாலையில்தான் கறையான் புற்றிலிருந்து ஈசல் புறப்படும் என்பதால், அது வரப்போகும் மழையைவிட, ஏற்கெனவே பெய்து மண்ணில் இறங்கிய மழையைத்தான் அதிகம் சொல்கிறது. நிலவு கோட்டை கட்டுவது, அதாவது அதைச் சுற்றி ஒளிவளையம் தெரிவது, மிக உயரத்தில் பனித்துகள்களாலான மெல்லிய மேகம் படர்ந்திருப்பதால். அத்தகைய மேகம் பல வேளைகளில் மழை மேகங்களுக்கு முன்னால் வருவது. இவை யாவும் அடுத்த சில மணி நேரத்தையோ மறுநாளையோ பற்றிய குறிப்புகள். அதற்கு மேல் அவற்றிடம் கேட்கக் கூடாது.

மாதங்களைப் பற்றிய பழமொழிகளின் கதை வேறு. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’, ‘ஐப்பசி அடைமழை’ என்பன பல தலைமுறை உழவர்கள் கண்டதன் சராசரி. சராசரி எல்லா ஆண்டும் நடப்பதில்லை என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பார்கள். ஆனால் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, மார்கழி பாதி கழிந்த வேளையில். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அன்று வேரோடு சாய்ந்தன. ஆகவே பழமொழியை நம்பிப் புயல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதையும் பையன் அறிந்திருக்க வேண்டும்.

அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பாட்டி கண்ட குறியை ஒரு பக்கத்திலும் கைப்பேசி சொன்னதை மறுபக்கத்திலும் எழுதி, பெய்த மழையைக் கீழே குறித்துவரச் சொல்லுங்கள். பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு கண்ணாடிக் குடுவையும் அளவுகோலும் மழையை அளக்கப் போதும். வானிலைத் துறை சுற்று வட்டாரம் முழுவதற்கும் சொல்வதையும், பாட்டி தம் வாசலுக்கு மட்டும் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவன் சிரிக்க மாட்டான். பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார ஒரு வேலை கிடைப்பது இதில் பெரிய ஆதாயம்.

கேள்வி: எங்கள் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஊசுட்டேரிப் பக்கம் பனை விதை நடத் திட்டமிட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் நட்டவற்றில் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. எங்கே தவறினோம்?
(வாசகர், வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: நீங்கள் எங்கும் தவறாமலேயே இருந்திருக்கலாம். பனை மற்ற விதைகளைப் போல முதலில் மேலே வருவதில்லை. கொட்டையிலிருந்து கிளம்பும் முளை நேராக மண்ணுக்குள் இறங்கி, அங்கே நாம் தை மாதத்தில் அவித்துத் தின்னும் கிழங்கை உண்டாக்குகிறது. அதன் பின்னரே, பல மாதங்கள் கழித்து, கோரையைப் போன்ற ஒற்றை இலை மண்ணுக்கு மேல் தலைகாட்டுகிறது. இதை அறியாமல் பொறுமை இழந்து தோண்டிப் பார்ப்பவர்கள் முளையை முறித்துவிடுகிறார்கள். நட்ட இடத்துக்கு மீண்டும் போய், தோண்டாமல் பாருங்கள்.

ஆடியிலும் ஆவணியிலும் மரத்தடியில் தானாக விழுந்த பழங்களைப் பொறுக்குவதே சிறந்தது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். நார்ச்சதையை நீக்கி, ஓர் அடி ஆழத்துக்கு மேற்படாத குழியில், பத்தடிக்கு ஒன்றாக, மழை தொடங்குமுன் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் போதும். பிறகு நீர் ஊற்ற வேண்டியதில்லை. மின்கம்பிக்கு அடியில் நடாதீர்கள். இந்த மரம் மிக உயரமாக வளரும், நட்டவர் இல்லாத காலத்தில் யாராவது அதை வெட்ட நேரும்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஊசுட்டேரி புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையில் கிடக்கும் நீர்நிலை, பறவைகள் சரணாலயமும்கூட. அங்கே பொதுப்பணித் துறை, வனத்துறை ஆகியவற்றின் ஒப்புதலின்றி ஒரு குழியும் தோண்டக் கூடாது. ஒப்புதல் வாங்கிய கையோடு, அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவரையும் நுங்கு வெட்டுபவரையும் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். பாளை விட்ட பிறகுதான் அது ஆண்பனையா பெண்பனையா என்றே தெரியவரும். அதற்குள் நீங்கள் அனைவரும் வேலைக்காக எங்கெங்கோ போயிருப்பீர்கள். நாள்தோறும் அந்தக் கரையில் நடப்பவர் அது தம் மரம் என்று எண்ணினால்தான் கோடைத் தீயிலிருந்தும் மண் அள்ளும் இயந்திரத்திலிருந்தும் கன்று தப்பும். ஆயிரம் விதை நட்டோம் என்று படம் எடுத்துப் போடுவதைவிட, ஐம்பது விதையை நட்டு ஐந்து பேரிடம் ஒப்படைப்பதையே நான் பெரிதாக மதிப்பேன்.

கேள்வி: ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் சாகை வார்த்தபோது (கூழ் ஊற்றியபோது) ஆயிரக்கணக்கான காகிதக் குவளைகள் வாய்க்காலில் குவிந்தன. காகிதம்தானே, மக்கிவிடும் என்கிறார்கள் விழாக் குழுவினர். சரியா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: சரியன்று. கூழ் ஊறி ஒழுகாமலிருக்க அந்தக் குவளையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் அடக்கம்.

விதைத்துவிட்டுக் கையிருப்புத் தானியம் குறைந்திருக்கும் மாதத்தில், வீட்டுக்கு வீடு கேழ்வரகு திரட்டி ஒரே அண்டாவில் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவது எவ்வளவு அருமையான ஏற்பாடு! இருப்பவர் கொடுத்தது எது, இல்லாதவர் குடித்தது எது என்று அந்த அண்டாவில் பிரித்தறிய முடியாது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. குவளையை மட்டும் மாற்றினால் போதும். தெருவாசிகள் செம்போ தூக்குச்சட்டியோ கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழிப்போக்கர்களுக்குக் கோயிலிலேயே எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி வைக்கலாம். அடுத்த ஆண்டுக்கும் ஆகும். படுக்கையில் கிடப்பவர் உள்ள வீடுகளுக்குப் பிள்ளைகள் தூக்கில் கூழும் முருங்கைக்கீரையும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

கேள்வி: மார்கழிக் கோலத்தை அரிசி மாவில்தான் போட வேண்டுமா? பூசணிப் பூவைப் பறித்து வைத்தால் காய் போய்விடாதா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: கடையில் விற்கும் கோலமாவு கல்லை அரைத்தது, எறும்புக்கும் சிட்டுக்குருவிக்கும் அதில் ஒன்றுமில்லை. நாள்தோறும் பெரிய கோலம் போடுபவர் வெளி வளைவுகளைக் கோலமாவிலும் நடுவிலுள்ள கோலத்தை அரிசி மாவிலும் போடலாம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவுக்கு அடியில் சிறு உருண்டையாகப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ, தொடாதீர்கள். நீண்ட காம்போடு நிற்பது ஆண் பூ. கொடியில் ஆண் பூக்களே மிகுதி என்பதால், மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பறிப்பதால் காய்ப்பு குறையாது.

கேள்வி: ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் வயதான அம்மா ஒருவர் இரண்டு நாள் வெந்நீர்கூட இல்லாமல் இருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றுமுதல் மனம் உறுத்துகிறது. நடுத்தரக் குடும்பத்தவர்களான நாங்கள் இந்த மழைக்காலத்தில் பிறருக்கு என்ன செய்ய முடியும்?
(வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: 2024 நவம்பர் 30 அன்று இரவு அந்தப் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய இரவில் யாரும் யாருக்கும் போய் உதவ முடியாது. உதவி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்றே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள்.

“ஏதாவது வேண்டுமா அம்மா?” என்று கேட்காதீர்கள், “ஒன்றும் வேண்டாம்ப்பா” என்றுதான் பதில் வரும். பிறருக்குச் சுமையாக இருந்துவிடக் கூடாது என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். “மருந்துக் கடைக்குத்தான் போகிறேன் அம்மா, உங்கள் மாத்திரைச் சீட்டைக் கொடுங்கள், ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். சீட்டு தானாகக் கைக்கு வரும். குடிநீர் நிரப்பி வைப்பது, கைப்பேசிக்கு மின்னேற்றுவது, டார்ச் விளக்குக்கு மின்கலம் போட்டுக் கொடுப்பது, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டுப் பரணில் வைப்பது ஆகிய எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியூரில் இருக்கும் மகனுடையதோ மகளுடையதோ எண்ணை உங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை அவர் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மழை விட்டதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஃபெஞ்சல் கரையைக் கடந்த பின்னர்தான் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, கடலூரின் தாழ்வான பகுதிகளைச் சூழ்ந்தது. ஆற்றோரத்தில் உங்கள் உறவினர் எவரேனும் இருந்தால், இங்கே வெயில் அடிக்கும் நாளிலும் அவர்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கொடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லாரி லாரியாக வந்த பழந்துணிகள், எடுப்பாரின்றிச் சாலையோரச் சேற்றில் ஊறிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை இழந்தவரும் மானத்தோடு வாழ்ந்தவர்தான். கிழிந்த சேலையைப் பார்த்து அவர் முகம் திரும்புவதில் தவறில்லை. அவருக்கு உடனே தேவைப்படுவன புதிய உள்ளாடைகள், மாதவிடாய் அணையாடைகள், பாய், போர்வை, பக்கெட், சேற்றைத் தள்ள மண்வெட்டியும் துடைப்பமும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். இரண்டு வீடு சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு இவற்றை வாங்கிக் கொடுத்தாலே அது முழுமையான உதவி. வாங்க இயலாதவர்கள் ஒரு நாள் போய் அந்த வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டலாம். சேறு காய்ந்து இறுகிவிட்டால் தனி ஒருவரால் அதைப் பெயர்க்க முடியாது, ஆகவே அந்த உதவியைத் தண்ணீர் வடிந்த மறுநாளே செய்துவிட வேண்டும்.